உறுமிக்கு ஈடுகொடுக்கும் ஆறு கம்பி பாஞ்சோ

உறுமியும் தப்பும் முழங்கும்போது மைக் இல்லாத கிட்டார் எடுபடாது. மலேசியாவின் சுங்கை சிப்பூட் போன்ற தோட்டப்புற ஊர்களின் கோயில் மண்டபங்களில் பஜனைக்குக் கிட்டார் வாசிப்பவர்கள் ஆறு கம்பி பாஞ்சோவைத் தாராளமாக முயலலாம். கழுத்தும் இ, ஏ, டி, ஜி, பி, இ என்ற சுருதியும் கிட்டாருடையவை. உடல் மட்டும் தோல் போர்த்திய வளையம். தெரிந்த கோர்டுகளே போதும். 1925இல் தொடங்கிய ஜாஸ் இசைக் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழுவில் ஜானி செயின்ட் சிர் வாசித்ததும் இந்த வகைதான்.

இதன் நாதம் சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். அதனால்தான் வேகமான தாளத்தில் ஒவ்வொரு அடியும் தெளிவாக விழுகிறது. விருத்தத்துக்கு மட்டும் இது வேண்டாம். நீண்டு நிற்கும் கார்வை இதில் கிடைக்காது.

வாங்கியதும் முதலில் தோலின்மேல் கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜைச் சரிபாருங்கள். அது ஒட்டப்பட்டதல்ல, கம்பிகளின் அழுத்தத்தில்தான் நிற்கிறது. கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பட்டையிலிருந்து (நட்) 12ஆம் ஃபிரெட் வரை உள்ள தூரத்தைப் போல, அதே பட்டையிலிருந்து இரு மடங்கு தூரத்தில் அதை வையுங்கள். 12ஆம் ஃபிரெட்டில் ஹார்மோனிக்கையும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்திய சுரம் ஏறியிருந்தால் பிரிட்ஜைப் பின்னே, கம்பிகளின் முனை மாட்டியிருக்கும் டெயில்பீஸ் பக்கம் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னே. தடித்த கம்பிகளின் பக்கம் 2, 3 மில்லிமீட்டர் கூடுதலாகப் பின்னே சாய்ந்திருப்பதுதான் சரி. கம்பிகளை ஒவ்வொன்றாகவே மாற்ற வேண்டும்; எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் பிரிட்ஜ் விழுந்துவிடும், இந்த வேலையை மறுபடி தொடங்க வேண்டும்.

பெரிய தொல்லை அடிக்கம்பிகளான இ, ஏ இரண்டும் குழம்பி முழங்குவதுதான். தோல் தளர்ந்திருப்பது முக்கியக் காரணம். கம்பிகளைக் கையால் அடக்கிக்கொண்டு தோலை விரலால் தட்டிப் பாருங்கள்; ஜி அல்லது ஜி ஷார்ப் ஒலிக்க வேண்டும். இல்லையென்றால் வளையத்தைச் சுற்றித் தோலை இழுத்துப் பிடிக்கும் திருகு நட்டுகளை எதிரெதிராக, ஒவ்வொன்றையும் எட்டில் ஒரு திருகு மட்டும் இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் தோல் கிழியலாம். பிறகும் முழங்கினால், தோலுக்கும் உடலின் உள்ளே குறுக்காகப் போகும் தண்டுக்கும் நடுவே மடித்த துணியைச் செருகுங்கள். கம்பிகள் 10-46 செட்டுக்குமேல் (மெல்லியது முதல் தடித்தது வரை, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) தடிமன் வேண்டாம். கோர்டை மெல்லிய நான்கு கம்பிகளில் மட்டும் அடித்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

நம் ஊர் ஈரக்காற்றில் கன்றுத்தோல் தளர்ந்துகொண்டே இருக்கும். மைலார் என்ற பிளாஸ்டிக் தோல்தான் தாங்கும். வாசித்து முடித்ததும் கம்பிகளில் படிந்த வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டியில் வையுங்கள்.