எத்தனால் பங்கு வாங்கப் போகிறீர்களா? கழிவுப்பாகிலிருந்து ஆரம்பியுங்கள்

அலங்காநல்லூர் என்றால் ஊருக்கெல்லாம் ஜல்லிக்கட்டு. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அங்கிருக்கும் சர்க்கரை ஆலையும் ஞாபகத்துக்கு வரும். கரும்பு லாரிக்குப் பின்னால் ஓடி ஒரு கரும்பையாவது உருவாத பையன் அந்தக் காலத்தில் கிடையாது. சர்க்கரை எடுத்தது போக மிஞ்சும் கறுத்த பிசினுக்குப் பெயரே கழிவுப்பாகு. அதைப் புளிக்கவைத்து வடித்தால் எத்தனால், பெட்ரோலில் கலக்கும் சாராயம். அந்த ஆலையில் அரவை நின்று சில வருடங்கள் ஆகிவிட்டன. ஓடினாலும் அது கூட்டுறவு ஆலை, சந்தையில் அதன் பங்கு கிடைக்காது. எனவே வேறு நிறுவனங்களைத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: டீமேட் கணக்கு, அதாவது பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு. பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் கைபேசியிலேயே திறந்துவிடலாம். தரகர், பங்குச் சந்தையை மேற்பார்வை செய்யும் செபியில் பதிவானவரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 2: ஆலைக்குள் என்ன போகிறது? “கழிவிலிருந்து எரிபொருள்” என்று சொல்லிக்கொண்டு மக்காச்சோளத்தையும் குருணையையும் கொட்டுகிறவர்கள் உண்டு. அவை கழிவே இல்லை. கோழித் தீவனக்காரரும் அதற்குத்தான் போட்டி போடுவார். மெய்யான கழிவு வைக்கோல். இந்தியன் ஆயில் 2022-ல் பானிப்பட்டில் திறந்த ஆலை, வைக்கோலிலிருந்து நாளுக்கு 100 கிலோலிட்டர் எத்தனால் எடுப்பதற்காகக் கட்டப்பட்டது. வைக்கோலின் நாரை உடைக்க நொதி வேண்டும், வைக்கோலைச் சேர்த்துக் கொண்டுவரவே தனிச் செலவு. புதிதாக வருகிறவர் இதை மட்டும் நம்பிப் பணம் போட வேண்டாம் என்பேன். புனேயின் பிராஜ் இண்டஸ்ட்ரீஸ் மாதிரி ஆலை கட்டித் தருகிறவர்களும் சந்தையில் இருக்கிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது கைவசமுள்ள ஆர்டர்.

படி 3: விலை யார் கையில்? பெட்ரோலில் கலக்கும் எத்தனாலை வாங்குவது எண்ணெய் நிறுவனங்கள். கழிவுப்பாகு எத்தனாலுக்கு விலை வைப்பது மத்திய அரசு. 2024-25-க்கு லிட்டர் 57.97 ரூபாய். ஒரு டன் பாகில் சுமார் 225 லிட்டர் வரும் என்று வையுங்கள், ஏறக்குறைய 13,000 ரூபாய். இதில் பாகின் விலை, நீராவி, கூலி, வட்டி எல்லாம் போக என்ன நிற்கும்? ஒரு தாளில் போட்டுப் பாருங்கள், பாதி ஆசை அடங்கிவிடும்.

நான் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. “அண்ணே, இனிமே எத்தனாலுக்குத்தான் காலம்” என்று டீக்கடையில் ஒரு தம்பி சொன்னதைக் கேட்டு, 2023-ல் ஒரு சர்க்கரைப் பங்கை வாங்கினேன். அந்த டிசம்பர் 7-ம் தேதி, கரும்புச் சாற்றை எத்தனாலுக்குத் திருப்பக் கூடாது என்று உத்தரவு வந்தது. அன்றைக்கே சர்க்கரைப் பங்குகள் சரிந்தன. பயந்துபோய் விற்றேன். 2024 ஆகஸ்ட்டில் தடை நீங்கியபோது என்னிடம் ஒரு பங்குகூட இல்லை.

படி 4: ஆண்டறிக்கை. முன்பக்கத்துப் பச்சை இலைப் படங்களைத் தாண்டுங்கள். பிரிவுவாரிக் கணக்கு என்ற அட்டவணைக்குப் போனால் சர்க்கரை, டிஸ்டில்லரி (எத்தனால் வடிக்கும் பிரிவு), மின்சாரம் என்று வரவும் லாபமும் தனித்தனியாக இருக்கும். டிஸ்டில்லரி லாபம் மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று மூன்று வருடத்துக்குக் குறித்துக்கொள்ளுங்கள். சொற்பம்தான் என்றால் நீங்கள் வாங்குவது சர்க்கரைப் பங்கு. அப்புறம் கடன், நிறுவனர்கள் அடகு வைத்த பங்கு இரண்டையும் ஒரு பார்வை.

படி 5: முதலில் ஐந்தோ பத்தோ பங்கு வாங்குங்கள். எத்தனால் கொள்முதல் ஆண்டு நவம்பர் 1-ல் தொடங்குகிறது. அந்தத் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டு, புதிய விலையும் கொள்முதல் அளவும் என்னவென்று பார்த்த பிறகு மீதியை வாங்கலாம்.