பிரின்ட் போட்ட பாலி-காட்டன் துணி: எச்எஸ் எண்ணில் எங்கே சறுக்குகிறார்கள்?

"பாலி காட்டன் பிரின்டட் துணி" என்று இன்வாய்ஸில் ஒரே ஒரு வரி இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு சரியான எச்எஸ் எண்ணை, அதாவது சுங்கம் சரக்கை வகைப்படுத்தும் எண்ணை, யாராலும் சொல்ல முடியாது. 5210, 5211, 5407, 5513, 5514 என்று ஐந்து தலைப்புகளில் (நான்கு இலக்க எண்தான் தலைப்பு, அதன் முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம்) எதிலும் அந்தத் துணி போய் உட்காரலாம். ஆனாலும் நிறைய பேர் பிரின்ட் என்ற விஷயத்திலிருந்தே தேட ஆரம்பிக்கிறார்கள். அது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் பார்க்க வேண்டியது எந்த இழை எத்தனை சதவீதம் என்பது. பிறகு அந்த இழை எந்த வடிவில் இருக்கிறது, துணி என்ன எடை, என்ன நெசவு என்று வரிசையாகப் போக வேண்டும்.

இழையில் விதி எளிமையானது: எடையில் எது அதிகமோ அதன் அத்தியாயம். பாலியஸ்டர் 65, பருத்தி 35 என்றால், பாலியஸ்டர் ஸ்பன் நூலாக (துண்டு இழையை நூற்றதாக) இருக்கும் பட்சத்தில், 55-ஆம் அத்தியாயம். சிவிசி என்று விற்கும் 60 பருத்தி, 40 பாலியஸ்டர் துணி 52-க்குப் போகும். சரிபாதி இருந்தால்? ஜவுளிப் பிரிவின் 2-ஆம் குறிப்பு இதற்குப் பதில் சொல்கிறது: எண் வரிசையில் கடைசியாக வரும் தலைப்பு. ஆகவே ஸ்பன் பாலியஸ்டர் கலந்த 50:50 துணியும் 55-தான். கையில் பருத்தி மாதிரி இருக்கிறது, வாங்குபவர் காட்டன் என்றுதான் சொல்கிறார் என்பதெல்லாம் இங்கே எடுபடாது. ஸ்பன் பாலியஸ்டர் 85 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 5512. பருத்தி அந்த அளவுக்கு இருந்தால் 5208 அல்லது 5209.

மிகப் பெரிய சறுக்கல் இழையின் வடிவத்தில்தான். பாலியஸ்டர் என்று மட்டும் எழுதினால் போதாது. துண்டு இழையை நூற்ற ஸ்பன் நூலா, அறுபடாமல் ஓடும் ஃபிலமென்ட் நூலா என்று தெரிய வேண்டும். பாவு (நீளவாட்டு நூல்) ஃபிலமென்ட், ஊடை (குறுக்கு நூல்) பருத்தி என்று நெய்த துணியில் பாலியஸ்டர் எடை அதிகமானால் அது 5407-ல் வரும், 5513-ல் அல்ல. இரண்டு வடிவமும் கலந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு துணியில் பருத்தி 45, பாலியஸ்டர் ஸ்பன் 30, பாலியஸ்டர் ஃபிலமென்ட் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் பருத்திதான் முன்னால் நிற்கிறது, உடனே 52 என்று எழுதத் தோன்றும். அது தவறு. வேறொரு அத்தியாயத்தோடு போட்டி வரும்போது 54, 55 இரண்டையும் ஒரே அத்தியாயமாகக் கருத வேண்டும் என்று அதே 2-ஆம் குறிப்பு சொல்கிறது. 30-ம் 25-ம் சேர்ந்து 55 ஆகிறது, பருத்தியை மிஞ்சிவிடுகிறது. அப்புறம் அந்த இரண்டுக்குள் ஸ்பன் அதிகம் என்பதால் 55-ஆம் அத்தியாயம். மொத்த சதவீதம் மட்டும் போட்ட ஆய்வக அறிக்கை இந்த இடத்தில் உதவாது. பாவு, ஊடை இரண்டுக்கும் நூல் விவரம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.

எடைக்கு இரண்டு வெவ்வேறு எல்லைகள் உண்டு. பாலியஸ்டர் ஸ்பன் அதிகமுள்ள துணிக்குச் சதுர மீட்டருக்கு 170 கிராம்: அதுவரை 5513, தாண்டினால் 5514. பருத்தி அதிகமுள்ள துணிக்கு 200 கிராம்: அதுவரை 5210, தாண்டினால் 5211. ஒன்றின் எல்லையை மற்றதில் போடுவது அடிக்கடி நடக்கிறது. இன்னொன்று, கிரே துணியின் (சலவையோ சாயமோ போடாத துணியின்) ஜிஎஸ்எம்மை, அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதை, அப்படியே எழுதிவிடுவது. சலவை, பிரின்ட், ஃபினிஷிங் முடிந்த துணி சுருங்கியிருக்கும், எடையும் மாறியிருக்கும். 165 என்று நெய்த துணி 172 ஆக வந்து நிற்கலாம். சுங்கம் பார்ப்பது வந்து இறங்கிய துணியைத்தான்.

நெசவில், ஒரு பாவு மேலே ஒரு பாவு கீழே என்று மாறி மாறிப் போவது மட்டுமே பிளெயின். பிரின்ட் போட்ட பாலியஸ்டர் ஸ்பன் துணி பிளெயினாக இருந்தால் 5513.41, இல்லையென்றால் 5513.49. இரண்டிரண்டு நூலாக நெய்த மேட்டி பார்க்கப் பிளெயின் போலவே இருக்கும், ஆனால் அது பிளெயின் அல்ல.

இனி பிரின்ட். நெய்து முடித்த துணியின் மேல் அச்சிட்டிருக்க வேண்டும், அதுதான் அளவுகோல். சாயம் போட்டு அதன் மேல் அச்சிட்டாலும், கலர் நூலில் நெய்த கட்டத்தின் மேல் அச்சிட்டாலும் அது பிரின்ட் துணியே. டிரான்ஸ்ஃபர் பேப்பர், ஸ்பிரே, ஃப்ளாக்கிங் (துகள் இழையை ஒட்டுவது), பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமிடுவது) எல்லாம் இதில் அடக்கம். நூலிலேயே அச்சிட்டோ கட்டிச் சாயமிட்டோ பிறகு நெய்த இக்கத் வகை மட்டும் பிரின்ட்டில் சேராது. நிறமியைப் பசையால் ஒட்டும் பிக்மென்ட் பிரின்ட் தடிப்பாக இருக்கிறது என்று பூச்சுத் துணிக்கான 5903-க்கு ஓட வேண்டாம். பிளாஸ்டிக் பகுதியாகப் படிந்து அதுவே டிசைனாகத் தெரியும் துணியை 59-ஆம் அத்தியாயத்தின் குறிப்பே விலக்கிவிடுகிறது. பெட்ஷீட்டாக வெட்டி ஓரம் மடித்துத் தைத்துவிட்டால் மட்டும் கதை வேறு: அது 6302.

இந்தியாவில் இறக்குமதி செய்பவர்கள் அளவையும் கவனிக்க வேண்டும். பல நெசவுத் துணிகளுக்கு வரி, சதவீதம் அல்லது சதுர மீட்டருக்கு இத்தனை ரூபாய், இரண்டில் எது அதிகமோ அது என்று இருக்கிறது. 58 அங்குல அகலத் துணி 1000 மீட்டர் என்றால் சுமார் 1473 சதுர மீட்டர். ஓடும் மீட்டரை அப்படியே சதுர மீட்டர் என்று எழுதினால் வரி குறைத்துக் காட்டியதாகிவிடும்.

கிரே துணியை வெளிநாட்டிலிருந்து தருவித்து இங்கே பிரின்ட் போட்டு ஏற்றுமதி செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 5513.11 துணி 5513.41 ஆக மாறுகிறதே தவிர, நான்கு இலக்கத் தலைப்பு மாறுவதில்லை. தலைப்பு மாற்றம் கேட்கும் வர்த்தக ஒப்பந்தத்தில் இதற்குப் பிறப்பிடச் சலுகை (இங்கே தயாரானது என்பதற்கான வரிச் சலுகை) கிடைக்காது. அச்சிடுவதற்கென்று அந்த ஒப்பந்தத்தில் தனி விதி இருக்கிறதா என்று ஆர்டர் எடுக்கும் முன்பே பாருங்கள்.

அமெரிக்கச் சுங்கத்தின் தீர்ப்புகளை இணையத்தில் தேடிப் படிப்பது நல்ல பழக்கம். ஆனால் எண்ணில் முதல் ஆறு இலக்கம் மட்டுமே உலகத்துக்குப் பொது. மீதியை நம் அட்டவணையில்தான் பார்க்க வேண்டும். சந்தேகம் தீரவில்லை, சரக்கும் தொடர்ந்து வரப்போகிறது என்றால், எண்ணை முன்கூட்டியே தீர்மானித்துச் சொல்லும் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் விண்ணப்பிக்கலாம். டெல்லியிலும் மும்பையிலும் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு விண்ணப்பித்தவருக்கு மட்டுமே பொருந்தும், பக்கத்துக் கம்பெனி வாங்கியதைக் காட்டி நீங்கள் சரக்கை எடுக்க முடியாது.