சாஃப்ட்பால்ல ரன்னர் ஓடுறப்ப அம்பயர் கண்ணு எங்க இருக்கணும்

ஸ்கூல் மேட்ச்லயோ காலேஜ் டோர்னமெண்ட்லயோ புதுசா சாஃப்ட்பால் அம்பயரிங் பண்ண வர்றவங்களுக்கு பால், ஸ்ட்ரைக் எல்லாம் கொஞ்ச நாள்ல பிடிபட்டுடும், ஆனா ரெண்டு மூணு ரன்னர் ஒரே நேரத்துல ஓட ஆரம்பிச்சா கையும் ஓடாது காலும் ஓடாது. ரூல் புக்கை நல்லாத்தான் படிச்சிருப்பாங்க, கண்ணு பந்து பின்னாடியே போயிடுது, அதான் பிரச்சனை. பேஸ் ரன்னிங்ல, அதாவது ரன்னர் ஒரு பேஸ்ல இருந்து அடுத்த பேஸுக்கு ஓடறதுல வர்ற சண்டைல பாதிக்கு மேல ஒரே கேள்வியில முடியும்: அந்த நொடியில ரன்னர் எங்க இருந்தாங்க? எந்த நொடிங்கறதுதான் ரூலுக்கு ரூல் மாறும், அதை மட்டும் மனசுல ஏத்திக்கிட்டா போதும்.

சாஃப்ட்பால்ல லீட் எடுத்து, அதாவது முன்கூட்டியே பேஸை விட்டுத் தள்ளி நிக்க முடியாது, பிட்சர் கையை விட்டு பந்து கெளம்புற வரைக்கும் ரன்னர் கால் பேஸ்ல இருக்கணும். முன்னாடியே கெளம்பிட்டா டெட் பால் (ஆட்டம் அங்கேயே நிக்கும்), அந்த பிட்ச் கணக்குல வராது, ரன்னர் அவுட். ஹோம் பிளேட் பின்னாடி நிக்கற பிளேட் அம்பயருக்கு பிட்சைப் பாக்கவே சரியா இருக்கும், அதனால இது பேஸ் அம்பயர் வேலை. பிட்சரோட கையும் ரன்னரோட காலும் ஒரே பார்வையில விழற மாதிரி எடம் பாத்து நில்லுங்க, தலையைத் திருப்பிப் பாக்கற நிலைமை வந்தா லேட் ஆயிடும்.

அடிச்ச பந்தை ஃபீல்டர் கேட்ச் பிடிக்கறப்ப ரன்னர் பேஸ்ல இருந்துதான் கெளம்பணும், ஆனா இங்க நொடி வேற. ஃபீல்டர் பந்தைப் பிடிச்சு முடிச்ச நேரம் கணக்கில்ல, பந்து அவங்க மேல முதல்ல பட்ட நேரம்தான் கணக்கு. கிளவுஸ்ல பட்டு துள்ளி ரெண்டாவது தடவைதான் பிடிச்சாங்கன்னாலும், முதல்ல பட்டப்பவே ரன்னர் கெளம்பலாம். சீக்கிரம் கெளம்பிட்டாங்கன்னு நீங்க பாத்துட்டீங்க, சரி, ஆனா நீங்களா அவுட் குடுக்கக் கூடாது. ஃபீல்டிங் டீம் அப்பீல் பண்ணணும், அதுவும் அடுத்த பிட்ச் போடறதுக்குள்ள பண்ணணும். அதுவரைக்கும் முகத்துலயும் எதையும் காட்டாதீங்க, கோச்சுங்க உங்க முகத்தைத்தான் பாத்துக்கிட்டிருப்பாங்க.

இங்கதான் பெரிய குழப்பம் வரும். ஒரு அவுட், செகண்ட்லயும் தேர்ட்லயும் ரன்னர், சென்டர் ஃபீல்டுல கேட்ச். தேர்ட் ரன்னர் ஒழுங்கா டேக் அப் பண்ணி (பந்து ஃபீல்டர் மேல படற வரைக்கும் பேஸ்ல இருந்து) ஹோம் வந்துட்டாங்க, செகண்ட் ரன்னர் மட்டும் சீக்கிரம் கெளம்பிட்டாங்க, பந்து செகண்ட் பேஸுக்கு வந்து அப்பீல், மூணாவது அவுட். ரன் உண்டா இல்லையா? உண்டு. மூணாவது அவுட் விழறதுக்கு முன்னாடியே ஹோம் பிளேட்டைத் தொட்டாச்சு, அது மட்டுமில்ல, சீக்கிரம் கெளம்புனதுக்குக் கிடைக்கற அவுட் ஃபோர்ஸ் அவுட் (பின்னாடி ஆள் வர்றதால ஓடியே ஆகணும்ங்கற ரன்னர் அடுத்த பேஸ்ல ஆகற அவுட்) கிடையாது. பந்து பேஸுக்குத்தானே வந்துச்சு, அப்ப ஃபோர்ஸ்தானேன்னு நிறைய பேர் ரன்னை அழிச்சிடறாங்க, அது தப்பு. இதையே மாத்திப் பாருங்க: ரெண்டு அவுட், பேஸ் லோடட் (மூணு பேஸ்லயும் ரன்னர்), பேட்டர் அடிச்சுட்டாங்க, எல்லாரும் ஓடறாங்க, ஃபர்ஸ்ட்ல இருந்து போன ரன்னர் செகண்ட் பேஸைத் தொடாமலே தாண்டிட்டாங்க. அப்பீல் வந்தா அது ஃபோர்ஸ், அது மூணாவது அவுட்டும்கூட, அதனால முன்னாடி எத்தன பேர் ஹோம் போயிருந்தாலும் ஒரு ரன்னும் கிடையாது.

ஓவர்த்ரோ மைதானத்தை விட்டு வெளிய போச்சுன்னா ரெண்டு பேஸ் குடுக்கணும். எங்க இருந்து எண்ணணும்? த்ரோ கையை விட்டுக் கெளம்புன நேரத்துல ரன்னர் கடைசியா தொட்டிருந்த பேஸ்ல இருந்து. ஷார்ட்ஸ்டாப் எறியறப்ப பேட்டர் ஃபர்ஸ்டைத் தொடலைன்னா செகண்ட், தொட்டிருந்தா தேர்ட். பேஸ்பால் பாத்துப் பழகுனவங்க இன்ஃபீல்டரோட முதல் த்ரோன்னா பிட்ச் போட்ட நேரத்துல இருந்து எண்ணுவாங்க, சாஃப்ட்பால்ல அந்தக் கணக்கு இல்ல, எல்லா த்ரோவுக்கும் கையை விட்ட நேரம்தான். பந்து வேலியைத் தாண்டுறதை கிரவுண்டே பாக்கும், நீங்க ஃபீல்டர் கையைப் பாத்த அடுத்த நொடியே ரன்னர் பக்கம் திரும்பிடுங்க.

லுக் பேக் ரூலை பாதி அம்பயர்ங்க கண்டுக்காம விட்டுடறாங்க, எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது, ஏன்னா ஆட்டம் தேவையில்லாம இழுக்கறதைத் தடுக்கறதே இந்த ரூல்தான். பிட்சர் எட்டு அடி ஆரம் உள்ள வட்டத்துக்குள்ள பந்தைக் கையில வச்சிருக்காங்க, பேட்டரும் ஃபர்ஸ்டைத் தொட்டாச்சுன்னா, பேஸை விட்டு வெளிய நிக்கற ரன்னர் ஒரு தடவை நிக்கலாம், ஆனா உடனே முன்னாடியோ பின்னாடியோ போகணும். நின்னுக்கிட்டே பிட்சரை ஏமாத்திப் பாக்கறது, ஒரு பக்கம் கெளம்பிட்டு திரும்பவும் மனசை மாத்திக்கறது, எல்லாம் டெட் பால், அவுட். பிட்சர் எறியற மாதிரி பாவ்லா காட்டுனாலோ யாரையாவது அவுட் பண்ணப் பாத்தாலோ இந்தக் கட்டுப்பாடு போயிடும், ரன்னர் இஷ்டம். அதனால அவுட் சொல்றதுக்கு முன்னாடி பிட்சர் கை ஆடுச்சான்னு பாத்துக்குங்க.

அப்ஸ்ட்ரக்ஷன்தான் சின்னப் பசங்க மேட்ச்ல அதிகம் நடக்கும், கேட்சரும் தேர்ட் பேஸ் ஆடறவங்களும் கையில பந்து இல்லாமலே வழியை மறிச்சு நிப்பாங்க, அப்படித்தான் நிக்கணும்னு சொல்லிக்குடுத்திருப்பாங்க போல. கையில பந்தும் இல்ல, அடிச்ச பந்தை எடுக்கவும் போகல, ரன்னர் அவங்களால வேகம் கொறஞ்சாலோ சுத்திப் போனாலோ அப்ஸ்ட்ரக்ஷன், இடிச்சாத்தான்னு இல்ல. விசில் அடிச்சு நிறுத்திடாதீங்க, இடது கையை பக்கவாட்டுல நீட்டுங்க, வாயால சொல்லுங்க, ஆட்டம் ஓடட்டும். அதே நேரத்துல, மறிக்கலைன்னா இவங்க எந்த பேஸ் வரைக்கும் போயிருப்பாங்கன்னு அப்பவே முடிவு பண்ணிடுங்க, ஆட்டம் முடிஞ்சப்புறம் யோசிச்சா கோச் சத்தத்துல முடிவு மாறிடும். அந்த பேஸுக்குள்ள ரன்னரை ஃபீல்டர் டேக் பண்ணிட்டாங்கன்னா (பந்தால தொட்டுட்டாங்கன்னா) டெட் பால் சொல்லி பேஸைக் குடுங்க. அதைத் தாண்டி ஓடுனா அவங்க ரிஸ்க். அதுக்காக என்ன பண்ணாலும் தப்பிச்சிடலாம்னு இல்ல, வழியில பேஸைத் தொடாமப் போனாலோ, முன்னாடி போற ரன்னரைத் தாண்டிட்டாலோ, அவங்களே ஃபீல்டரை இன்டர்ஃபியர் பண்ணாலோ அவுட்தான்.

இன்டர்ஃபியரன்ஸ் இதுக்கு நேர் எதிர். அடிச்ச பந்தை எடுக்கற ஃபீல்டருக்குத்தான் வழி, ரன்னர்தான் ஒதுங்கணும், வேணும்னே இடிக்கலைன்னாலும் உடனே டெட் பால், ரன்னர் அவுட், பேட்டருக்கு ஃபர்ஸ்ட் பேஸ்.

ஒரே பேஸ்ல ரெண்டு பேர் நின்னா ஃபீல்டர் பதட்டத்துல ரெண்டு பேரையும் டேக் பண்ணுவாங்க, ரெண்டு பேரும் இறங்கி நடக்க ஆரம்பிச்சிடுவாங்க, அப்பதான் நிஜமான சிக்கல். ஃபோர்ஸ் இல்லைன்னா முன்னாடி போன ரன்னருக்குத்தான் பேஸ், பின்னாடி வந்தவங்க அவுட். சும்மா அவுட்னு கத்தாம, ஆளைக் கை காட்டி, "நீ அவுட், நீ பேஸ்லயே இரு"ன்னு உரக்கச் சொல்லுங்க.

ரன் கணக்கு சந்தேகமா இருக்கற எல்லா ஆட்டத்துக்கும் பிளேட் அம்பயர் ஹோம் பிளேட்டை விட்டு நகரக்கூடாது, மூணாவது அவுட் எப்ப விழுந்துச்சுன்னு அங்க இருந்தே பாத்துட்டு, ஸ்கோரர் பக்கம் திரும்பி ரன் உண்டு, இல்லைன்னு கை காட்டிச் சொல்லணும், ஸ்கோரர் திருப்பிக் கை காட்டின பிறகு அடுத்த இன்னிங்ஸை ஆரம்பிங்க.