விறகு வாங்கப் போகிறீர்களா? மரத்தின் பெயரைப் பிறகு கேளுங்கள்

2022இல் காஸ் வரிசையில் நின்று அலுத்துப்போய், திருகோணமலை உப்புவெளி வீட்டுப் பின்வளவில் மூன்று கல் வைத்தேன். "நல்ல பாலை விறகு" என்று ஒரு அந்தர், அதாவது ஏறக்குறைய ஐம்பது கிலோ, வாங்கினேன். பாலைதான், பொய்யில்லை. ஆனால் பச்சை. விறகுக் கொட்டனின் ஒரு முனை எரிய, மறுமுனையில் நுரை தள்ளி 'சூ' என்று சத்தம். சோறு வேகமுதல் என் கண் வெந்துவிட்டது.

அதனால் முதல் வேலை, ஈரம் பார்ப்பது. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்க வேண்டும், பட்டை கையோடு உரிய வேண்டும். இரண்டு கொட்டனை மோதினால் 'டங்' என்று கேட்கும். பச்சை என்றால் 'தொப்'. பச்சை மரத்தின் நிறையில் பாதிவரைகூடத் தண்ணீராக இருக்கலாம். அந்தர் கணக்கில் வாங்கும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

அடுத்து, என்ன சமைக்கிறீர்கள் என்று பாருங்கள். நன்றாகக் காய்ந்தால் ஒரு கிலோ பாலையும் ஒரு கிலோ முருங்கையும் தரும் சூடு கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் முருங்கை படபடவென்று எரிந்து சாம்பலாகும். பாலையும் வீரையும் கனமான மரம், தணல் நின்று பிடிக்கும். இறைச்சிக் கறிக்கும் பெரிய சட்டிக்கும் இவை, அல்லது புளியமர விறகு. தேத்தண்ணிக்குத் தென்னை மட்டையே போதும், சட்டி கரி பிடிக்கும் என்பதுதான் குறை. மூட்டுவதற்குப் பன்னாடையும் சிரட்டையும். மண்ணெண்ணெய் வேண்டாம். முதிரை அகப்பட்டால் எரிக்காதீர்கள், தச்சரிடம் காட்டுங்கள்.

அடுப்புப் பக்கமே கொண்டுவரக் கூடாதவையும் உண்டு. களப்போரத்துத் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். புகையும் கண்ணை எரிக்கும். அலரி நஞ்சு. பெயின்ற் பூசிய பழைய வள்ளப் பலகையும் வேண்டாம். கண்டல் மரத்தில் கத்தி வைக்கவே வேண்டாம்.

கடைசியாக அடுக்குவது. கச்சான் என்னும் வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வாங்கிப் பிளந்து, கீழே இரண்டு கல் வைத்து, காற்றுப் போக இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே மட்டும் தகரம். பக்கத்தை மூடினால் பூஞ்சணம் பிடிக்கும். வாடை மழை தொடங்கினால், நாளைக்கு எரிக்கப்போகும் நாலு கொட்டனை இன்றிரவே குசினிக்குள், தணல் படாத தூரத்தில் சாய்த்து வையுங்கள்.