மசீத்கானி கத்துக்குத் தபலா எங்கே நுழைவது?

சிதார் ஆலாபனை முடிந்து விளம்பித் தீன்தாலில் (மெதுவான 16 மாத்திரைத் தாளம்; மாத்திரை என்பது ஒரு எண்ணிக்கை) மசீத்கானி கத் என்ற மெட்டு தொடங்குகிறது. புதிதாகத் தபலா வாசிப்பவர்கள் தடுமாறும் இடம் இதுதான்: முதலில் காதில் விழும் மீட்டையே சம் (தாளத்தின் முதல் மாத்திரை) என்று நினைத்துவிடுகிறார்கள். மசீத்கானி பெரும்பாலும் 12ஆம் மாத்திரையில்தான் தொடங்கும். அங்கே தபலாவில் 'தா' போட்டால் முழு ஆவர்த்தனமும் 5 மாத்திரை தள்ளிப்போய்விடும்.

கையைக் கட்டிக்கொண்டு எண்ணுங்கள். 'திர் தா திர் தா ரா' என்ற சிதார் மீட்டு 12 முதல் 16 வரை. அடுத்து வரும் அழுத்தமான 'தா'தான் சம், அங்கே நுழையலாம். சந்தேகமா? ஒரு சுற்று விட்டுப் பிடியுங்கள், யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

டேக்காவில் (தாளத்தின் அடிப்படைச் சொற்கட்டு) 10 முதல் 13 வரை பாயான் (இடக்கைத் தபலா) ஒலிக்காது, 14இல் 'தின்' (dhin) வரும்போது திரும்பும். கத்தின் முகடா, அதாவது 12இல் தொடங்கும் அந்த முதல் மீட்டு, அந்த வெறுமையில்தான் எழுகிறது. பாயானை அங்கே உருட்டினால் சிதாரின் மெல்லிய மீட்டு அமுங்கிவிடும்.

சிதார் கலைஞர் விரிவாக்கம் செய்யும்போது வெறும் டேக்கா போதும். அவர் கத்துக்குத் திரும்பி அதையே மறுபடி மறுபடி வாசித்தால், தனியாக வாசிக்க உங்கள் முறை வந்துவிட்டது. முடிக்க எளிய திஹாய் (மூன்று முறை வாசித்து முடிக்கும் சொற்கட்டு): 9ஆம் மாத்திரையிலிருந்து 'தாதிர கிடதக தா', மாத்திரைக்கு ஒரு துண்டாக, இடைவெளியின்றி மூன்று முறை. கடைசி 'தா' சரியாகச் சம்மில் விழும். முதல் 'தா' காலியில் (9ஆம் மாத்திரை) விழுவதால் எண்ணிக்கை தவறினாலும் உடனே தெரிந்துவிடும்.