முதிர்ச்சியின் கதையை எழுதுவது எப்படி: வட ஆற்காட்டிலிருந்து எழுதத் தொடங்குவோருக்கு

சிறுவனோ சிறுமியோ ஓர் அனுபவத்தின் வழியாகப் பெரியவராவதைச் சொல்லும் கதைகள் பலவும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன. ஒரு மரணத்தையோ, காதல் முறிவையோ, தந்தையைப் பற்றிய ரகசியம் வெளிப்படுவதையோ உச்சமாக வைத்து, அதன் எதிரே நாயகனை நிறுத்தி, அன்றிலிருந்து அவன் வேறு மனிதனாகிவிட்டான் என்று பொருள்படும் ஒரு வரியுடன் எழுதுபவர் கதையை முடித்துக்கொள்கிறார். மாறிவிட்டான் என்று வாசகர் கேள்விப்படுகிறாரே ஒழிய, மாறியதைப் பார்ப்பதில்லை. நிகழ்ச்சிக்கு ஒரு பக்கம் போதும், அதற்கு அடுத்து வரும் நாட்களுக்கே மிச்சப் பக்கங்களைக் கொடுக்க வேண்டும் என்பதுதான் இந்த வழிகாட்டியின் அடிப்படை. அதை வேலூரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் வைத்து எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

நிகழ்ச்சியைத் தேடிப் போவதற்கு முன், உங்கள் கதாபாத்திரம் அதுவரை எதை நம்பிக்கொண்டிருந்தது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதிவையுங்கள். அந்த நம்பிக்கை பெரிய தத்துவமாக இருக்க வேண்டியதில்லை. அந்த வயதில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஏதோ ஒன்றாக இருந்தால் போதும். வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வரும் நோயாளிகளை நம்பியே அங்கே லாட்ஜுகளும், வங்காள எழுத்தில் பலகை மாட்டிய சாப்பாட்டுக் கடைகளும் நடக்கின்றன. பிளஸ் டூ தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பையன் அப்படியொரு லாட்ஜில் வேலைக்குச் சேர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வேலூருக்கு வந்தவர்கள் குணமாகித்தான் திரும்புவார்கள் என்பது அவன் நம்பிக்கை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறும்போது, பிழைக்கக் கற்றுக்கொண்ட அரைகுறை இந்தியில், வருகிற எல்லோரிடமும் அவன் அதைச் சொல்கிறான். கதையின் முதற்பகுதி முழுவதும் இந்த நம்பிக்கை இயல்பாகவும் கொஞ்சம் பெருமிதமாகவும் வெளிப்பட வேண்டும்; முதலில் கட்டி எழுப்பாத ஒன்று பின்னால் உடைவதில் வாசகருக்கு என்ன அக்கறை இருக்கும்?

அடுத்து நிகழ்ச்சி. ஒரு மாதமாக அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்து, கணவருக்கு மருத்துவம் பார்த்துவந்த ஒரு பெண்மணி, ஒருநாள் காலையில் தனியாக வந்து கணக்கை முடிக்கிறார். மிச்சமிருந்த அரிசியையும் அடுப்பையும் இரண்டு பாத்திரங்களையும் பையனிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். அங்கே அழுகை வேண்டாம், மழை வேண்டாம், விளக்கம் வேண்டவே வேண்டாம். கோட்டை இருக்கிற ஊர் என்பதற்காக 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சியைக் கதைக்குள் இழுத்து வந்து, நாயகன் அகழிக்கரையில் நின்று வீரத்தை உணர்ந்ததாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். வரலாற்றின் கனத்தைக் கடன் வாங்கினால் சொந்த நிகழ்ச்சியின் கனம் கூடிவிடாது.

இனி வருவதுதான் கடினமான பகுதி. மறுநாளே புதிதாக ஒரு குடும்பம் அதே அறைக்கு வருகிறது, பையன் பெட்டியைத் தூக்குகிறான், இங்கே வந்தால் குணமாகிவிடுமா என்ற வழக்கமான கேள்வி படியில் வருகிறது. அவன் இப்போது என்ன சொல்கிறான்? பழைய பதிலையே சொன்னால் அது பொய் என்று அவனுக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் எதிரே நிற்பவர் முகம் வாடும். இந்தச் சங்கடத்தை ஒரே காட்சியில் தீர்த்துவிடாதீர்கள். முதல்முறை அவன் கேட்காததுபோல் நடந்துகொள்ளட்டும். இன்னொரு முறை பழைய பதிலைச் சொல்லிவிட்டுத் தன்மேலேயே எரிச்சல்படட்டும். வீட்டில் அம்மா அந்தப் பாத்திரத்தில் சோறு வடிக்கும்போது, அது யாருடையது என்று சொல்லலாமா வேண்டாமா என்று தடுமாறட்டும். ஒரே வகைச் சூழல் திரும்பத் திரும்ப வரும்போது அவன் நடந்துகொள்ளும் விதம் சிறிது சிறிதாக வேறுபடுவதையே வாசகர் முதிர்ச்சியாக உணர்கிறார்.

வாழ்க்கையிலிருந்தே இதற்கு ஒரு சான்று உண்டு, அதுவும் அதே மருத்துவமனையின் வரலாற்றில். அதை நிறுவிய அமெரிக்கரான ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் பெற்றோருடன் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைக் காப்பாற்றும்படி கேட்டார்கள். அவர் மருத்துவர் அல்லர்; அவருடைய தந்தை மருத்துவர்தான், ஆனால் ஆண் மருத்துவரை அனுமதிக்க வந்தவர்கள் உடன்படவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். இந்த இரவைப் பலரும் சொல்லிவிட்டார்கள், அதனால் நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அதன் அமைப்பு கவனிக்கத்தக்கது. இந்தியாவில் தங்கப் போவதில்லை என்று உறுதியாக இருந்த ஒருத்தி என்னும் முன்நிலை தெரிந்தால்தான் அந்த இரவுக்கு விசை கிடைக்கிறது. அதற்குப் பின் அமெரிக்கா சென்று படித்து, 1899இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை அமைத்த நீண்ட உழைப்பு இல்லாவிட்டால், அந்த இரவு ஒரு சோகச் செய்தியாக மட்டுமே நின்றிருக்கும். புனைவு எழுதுபவருக்கு அத்தனை ஆண்டுகள் தேவையில்லை, நான்கைந்து காட்சிகள் போதும். ஆனால் அவை இருந்தாக வேண்டும்.

கதையை யார் சொல்வது என்பதை அவசரப்பட்டு முடிவு செய்ய வேண்டாம். மாறியவரே தன் மாற்றத்தைச் சொல்லும்போது, தன்னைப் பற்றிய தீர்ப்பு வாக்கியங்கள் தாமாகவே வந்து விழும். பக்கத்தில் இருந்த ஒருவர் சொன்னால் அந்த ஆபத்து குறைகிறது. மு. வரதராசன் வாலாசாப்பேட்டைப் பள்ளி நாட்களிலிருந்து தொடங்கும் தம் ‘அகல் விளக்கு’ நாவலில், அழகும் அறிவும் மிக்க சந்திரனின் வாழ்க்கையை அவனுடைய நண்பன் வேலய்யனைச் சொல்ல வைத்தார். நண்பனைக் கவனித்துக்கொண்டே வேலய்யனும் வளர்கிறான். தன்னைப் பற்றிப் பேசாமலேயே தன் வளர்ச்சியையும் காட்டிவிடுகிறான். 1961ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்நாவலின் அறவுரைத் தொனி இன்றைய வாசகருக்குச் சற்று மிகையாகத் தோன்றலாம், எனக்கும் சில இடங்களில் அப்படித்தான் தோன்றுகிறது. ஆயினும் சொல்பவரைத் தேர்ந்தெடுத்த விதத்துக்காக அதை ஒருமுறை படிக்கலாம்.

பெண்பிள்ளையின் கதையாயின் மஞ்சள் நீராட்டு விழாவையே திருப்புமுனையாக வைக்கும் ஆசை எழும். விழா ஊருக்கான அறிவிப்பு. அவளுக்குள் என்ன நடந்தது என்பதை அது சொல்வதில்லை. விழா முடிந்த பின் அவளுக்கு எந்தெந்த வாசல்கள் மூடப்பட்டன, எவை திறந்தன என்பதை எழுதுங்கள். குடியாத்தம் பக்கத்தில் படிப்பு நிறுத்தப்பட்டு, முறத்தை மடியில் வைத்துப் பீடி சுற்ற உட்காரும் பெண்ணுக்கும், ஆம்பூரில் ஷூ கம்பெனி பேருந்தில் ஏறி முதல் சம்பளம் வாங்கும் பெண்ணுக்கும் உலகம் ஒரே மாதிரி விரிவதில்லை. முதற்பெண்ணின் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுகிறது. தன் கையால் சுற்றிய பீடிகளில் சில கழிக்கப்படும்போது அவள் வாய்திறந்து கேட்கிற முதல் நாள், ஒரு சிறுகதையைத் தாங்கும் அளவுக்குப் பெரிய நிகழ்ச்சி.

காலமும் இடமும் பிசகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலூர்க் கோட்டைக்குள் உள்ள ஜலகண்டேசுவரர் கோயில் நெடுங்காலம் மூலவர் இன்றி இருந்தது. சத்துவாச்சாரியில் வைக்கப்பட்டிருந்த லிங்கம் 1981இல்தான் கொண்டுவந்து நிறுவப்பட்டது. எனவே 1975இல் நடக்கும் கதையில் உங்கள் நாயகி அங்கே அர்ச்சனை செய்ய முடியாது. சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரைப் பற்றிச் சொல்லும் பழைய கேலியைப் பயன்படுத்த நினைத்தாலும், எந்த ஆண்டில் யார் சொல்கிறார் என்று பாருங்கள். வெறும் மணலாகவே பாலாற்றைப் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளை 2021 நவம்பரில் கரைபுரண்ட வெள்ளத்தைப் பாலத்தின்மேல் நின்று பார்த்ததென்றால், அதுவே அதன் நம்பிக்கை ஒன்றை அசைத்திருக்கும். திருவண்ணாமலை 1989 வரை வேலூரை உள்ளடக்கிய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது என்பதும், இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்தன என்பதும் உரையாடலில் ஊர்ப்பெயர் வரும்போது உதவும்.

உரையாடலில் வட ஆற்காட்டுப் பேச்சை அளவாக வையுங்கள். ‘இன்னாணா’, ‘வந்துகினு இருக்கேன்’, தந்தையை அழைக்கும் ‘நைனா’ ஆகியவை ஆளையும் உறவையும் காட்டும் அளவுக்கு வந்தால் போதும். லாட்ஜ் முதலாளி பையனை ‘டேய்’ என்பதும், பையன் அவரை ‘அண்ணே’ என்பதும் அவர்களுக்கிடையே உள்ள தூரத்தைத் தாமே சொல்லிவிடும். பெரியவர்களின் வாயில் அறிவுரையை மட்டும் வைக்காதீர்கள். முதலாளி, “ரூம கழுவிட்டு பெட்ஷீட்ட மாத்துடா, பத்து மணிக்கு ஆள் வருது,” என்று சொன்னால், மரணத்தைப் பற்றி அந்த ஊர் வைத்திருக்கும் பழக்கம் முழுவதும் அதில் வந்துவிடுகிறது.

எழுதி முடித்ததும் சில நாட்கள் கழித்துக் கையெழுத்துப் படியை எடுத்து, ‘உணர்ந்தான்’, ‘புரிந்துகொண்டாள்’, ‘அன்றுமுதல்’ ஆகிய சொற்கள் வரும் வாக்கியங்களை அடித்துவிட்டுப் படியுங்கள். அவை இல்லாமலும் மாற்றம் தெரிந்தால் கதை தேறிவிட்டது. தெரியவில்லையென்றால், அடித்த வாக்கியங்களைத் திரும்பச் சேர்க்காமல், நிகழ்ச்சிக்குப் பின் இன்னொரு காட்சியை எழுதுங்கள். லாட்ஜ்ப் பையனின் கதையில், தேர்வு முடிவு வந்து அவன் வேலையைவிட்டு நிற்கும் நாளில், அடுத்து வந்து சேரும் பையனுக்கு அவன் எதையெல்லாம் சொல்லிக்கொடுக்கிறான், எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பது அப்படிப்பட்ட காட்சியாக அமையலாம்.