ஒரு பைப்புச் சட்டம், இரண்டு டப்பா, ஒரு கறிவேப்பிலைத் தொட்டி

பெங்களூருவில் எங்கள் அபார்ட்மென்ட்டின் பின்பக்கம், தண்ணீர் லாரி நிற்கிற இடத்தை ஒட்டி ஒரு புல்தரை உண்டு. ஞாயிறு தமிழ் வகுப்புக்கு வரும் 11 பிள்ளைகளுக்குப் போன ஜூலையில் அங்கே செடிகளை எண்ணவைத்துச் சூழலியல் சொல்லிக்கொடுக்கப் போய், இரண்டு வாரம் சொதப்பி, அப்புறம் சரிசெய்த கதை இது. மழைக்காலத்தில் ஆரம்பியுங்கள். பிப்ரவரியில் எண்ணுவதற்கு மண்தான் இருக்கும்.

முதலில் சட்டம். இதைத் தரையில் அங்கங்கே வைத்து, உள்ளே இருக்கிற செடிகளை எண்ணுவதுதான் வேலை. நாலு குச்சி நட்டுக் கயிறு கட்டச் சொல்வார்கள், வேண்டாம், பிள்ளைகள் தடுக்கித் தடுக்கி ஐந்தே நிமிடத்தில் சதுரம் கோணிவிடும். வயர் விடுகிற பிவிசி பைப்பு 2 மீட்டர் வாங்கி, அரை மீட்டராக நாலாக வெட்டி, மூலைக்கு ஒரு எல்போ (L வடிவ இணைப்பு) போட்டு மாட்டுங்கள். மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் ஒரே அளவு வந்தால் சதுரம் சரி.

அடுத்து, சட்டத்தை எங்கே வைப்பது? நான் விழுந்தது இங்கேதான். "எங்க வேணும்னாலும் வைங்க" என்றேன், எல்லாரும் பூ இருக்கிற இடமாகப் பார்த்து வைத்தார்கள். கண்ணை மூடி எறியச் சொன்னால் விரலிடுக்கில் பார்க்கிறான் ஒருத்தன். எங்கள் கணக்குப்படி அந்த வழுக்கைத் தரை முழுக்கப் பூந்தோட்டம்!

சுவரோரம் 10 மீட்டர் டேப்பை நீட்டுங்கள். இரண்டு டிபன் டப்பாவிலும் 0 முதல் 9 வரை சீட்டு. முதல் டப்பாவின் எண் டேப்பில் எத்தனையாவது மீட்டர் என்பது, இரண்டாவது அங்கிருந்து உள்ளே எத்தனை மீட்டர் என்பது. எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். லூடோ பகடை இரண்டை உருட்டிக் கூட்டலாமே என்றாள் ஒரு பெண். கூட்டினால் 7 அடிக்கடி வரும், 2-ம் 12-ம் அபூர்வம், நடுவிலேயே எண்ணிக்கொண்டிருப்போம். எண் வெறும் மண்ணில் கொண்டுபோய் விட்டாலும் அங்கேதான் வைக்க வேண்டும், பூஜ்யம் என்று எழுத வேண்டும். இதற்குத்தான் சண்டை வரும், விட்டுக்கொடுக்காதீர்கள்.

10 இடம் எண்ணுங்கள். விளிம்பில் நிற்கும் செடியா? இரண்டு பக்கத்தில் இருப்பதைச் சேர்த்து, மற்ற இரண்டு பக்கத்தை விட்டுவிடுங்கள். அருகம்புல்லை எண்ண முடியாது, சட்டத்தில் கால்வாசியா பாதியா என்று மட்டும் எழுதுங்கள். சட்டம் கால் சதுர மீட்டர், அதனால் சராசரியை 4-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை என்று வந்துவிடும்.

எங்களுக்கு அதிகம் கிடைத்தது வெட்டுக்காயப் பூண்டு. அதன் பூவில் சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் தேன் குடிப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். அசோசியேஷனில் கெஞ்சி ஒரு பாதியை மட்டும் புல்வெட்டாமல் விடச் சொன்னோம், இரண்டு மாதம் கழித்து இரண்டு பாதியையும் எண்ணி ஒப்பிட.

வண்ணத்துப்பூச்சிக்குத் தேன் இருந்தால் போதாது, அதன் புழுவுக்குத் தின்ன இலை வேண்டும். அதனால் ஓரத்தில் கறிவேப்பிலை, எலுமிச்சை, ஒவ்வொரு தொட்டி. எருக்கும் நல்லதுதான், ஆனால் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளோடு வேண்டாம். கறிவேப்பிலை, எலுமிச்சையில் வரும் குட்டிப்புழு பார்க்கக் காக்கை எச்சம் போலவே இருக்கும், வளர்ந்ததும் பச்சை. தோட்டக்காரர் "ஹுளா, மேடம்" (கன்னடத்தில் புழு) என்று மருந்தோடு வந்தார். வேப்பெண்ணெயும் புழுவைக் கொல்லும், அதையும் தடுத்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: புழு எல்லாம் செத்துப்போகிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். நர்சரியில் மருந்தடித்த செடியாக இருக்கலாம். வாங்கும்போதே கேளுங்கள், முடிந்தால் பக்கத்து வீட்டில் முளைத்த கன்றை வாங்கி வையுங்கள்.

இன்னொன்று: பார்த்தீனியக் களையை, இங்கே கன்னடத்தில் காங்கிரஸ் கிட (செடி) என்பார்கள், வெறுங்கையால் பிடுங்க விடாதீர்கள், சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும்.

சாம்பாருக்கு இலை கிள்ளலாமா என்று கேட்டவருக்கு: தாராளமாக. கொழுந்தை மட்டும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கிள்ளுங்கள், முட்டை வெளிர்மஞ்சளாகக் கடுகைவிடச் சின்னதாக இருக்கும்.